தோளுக்கு ஏற்ற தண்டு

ஒருவரிடம் அளவு கொடுத்துவிட்டால் பொருளையும் அவரிடமேதான் வாங்கியாக வேண்டும் என்று எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்த விதி அல்ல அது. ரவிக்கைக்கு அளவு கொடுத்த பிறகு தையற்காரரிடம் துணியைத் திரும்பக் கேட்பதோ, மோதிரத்துக்கு விரல் நீட்டிவிட்டு வேறு கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்து வருவதோ எங்கள் வீட்டில் நடந்ததில்லை. கதவுக்கு அளவெடுத்துப் போன தச்சர் மாதக்கணக்கில் திரும்பி வராதபோதும், என் மாமனார் வாசலில் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுக்கொண்டு அவருக்காகவே காத்திருந்தார். வேறு ஆளைக் கூப்பிடலாமே என்று கேட்டவர்களிடம், "அவன்லா அளவெடுத்திருக்கான்" என்பதைத் தவிர அவர் எதுவும் சொன்னதில்லை.

அந்த மனிதரின் மகன்தான் என் கணவர். அதே நம்பிக்கையோடு அவர் பெங்களூரில் கோல்ஃப் மட்டை விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தார்.

ஓட்டப்பிடாரம் தாலுகாவின் மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஒருவர் கோல்ஃப் ஆடினார் என்றால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். என் கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். கடைசி ஆண்டுகளில் நீலகிரியில் இருந்த முகாமின் கோல்ஃப் மைதான அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதிகாரிகள் வராத நேரங்களில் அலுவலகத்தாரும் ஆடிக்கொள்ளலாம். அப்படிப் பழகியதுதான். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர், பழையது என்று தாம் கழித்த இரும்பு மட்டைகளைப் பையோடு இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த சாமான்களில், எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாமல் போன ஒரே பொருள் அந்தப் பைதான்.

ஆனால் ஆடுவதற்கு இடம் கிடைத்துவிட்டது. மாசியில் மக்காச்சோளமும் பாசிப்பயறும் வீடு வந்து சேர்ந்த பிறகு, புரட்டாசி விதைப்பு வரைக்கும் எங்கள் கரிசல் சும்மா கிடக்கும். வெயில் ஏற ஏற நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகள் கோல்ஃப் பந்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அடுத்த உழவில்தான் டிராக்டர் அதைக் கக்கும். நிலத்தை ஒட்டிய கண்மாய் வற்றியதும் அதன் நடுவில் அறுகு படரும். அதை ஆடுகள் மேய்ந்து மேய்ந்து தரையோடு ஒட்டவைத்திருக்கும். குழி தோண்டிக் கொடி நட அதைவிட நல்ல இடம் நீலகிரியில்கூட இல்லை என்று என் கணவர் சொல்வார். கொடி என்பது என் பழைய மஞ்சள் பாவாடையின் ஒரு துண்டு.

கூட ஆட யாரும் இல்லை. கூட இருக்க ஒருவர் இருந்தார். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் நிலத்தில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர் அவர். என் கணவரைவிடச் சில வயது இளையவர். எங்களை அண்ணாச்சி என்றும் மதினி என்றும் அழைப்பார். பந்து போகிற திசையை வேலிக்கருவை நிழலில் நின்று பார்த்து, போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்வது அவர் தாமாக எடுத்துக்கொண்ட வேலை. ஆட்டத்தை அவர் மதித்ததாகச் சொல்ல முடியாது.

"இம்புட்டுத் தூரம் அடிச்சுட்டு, பொறவு அதையே தேடிட்டு நடக்கீயளே அண்ணாச்சி. அடிக்காமயே வச்சிருந்தா கையிலயே இருக்கும்லா" என்று ஒருமுறை கேட்டார்.

"ஒன் ஆட்ட நீ காலையில ஓட்டிட்டுப் போயிட்டு, சாயங்காலம் பூராவும் திருப்பிக் கூட்டிட்டு வாரீயே, அது எதுக்கு?" என்றார் இவர்.

"அது வயித்துக்கு."

"இதுவும் அப்படித்தான்னு வச்சுக்கோ."

ஒரு கார்த்திகை மழையில் களத்துமேட்டில் வழுக்கி விழுந்து இவருடைய இடது தோளின் தசைநார் கிழிந்தது. கோவில்பட்டி மருத்துவர் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துக் கையைத் தூக்கவைத்தார். மட்டைகளைப் பற்றி நான்தான் கேட்டேன். இவர் கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒன்றைக் கையிலேயே கொண்டுபோயிருந்தேன். மருத்துவர் அதை வாங்கி எடை பார்த்தார்.

"இந்த இரும்ப வீசுறத விட்டிருங்க. இன்னொரு தடவ கிழிஞ்சா ஆப்பரேசன்தான். இதைவிட லேசா, அதிராம ஏதாச்சும் கெடைச்சா அப்பப் பாப்போம்."

வீட்டுக்கு வந்ததும் இவர் பையைப் பரணில், மருந்து தெளிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்தார். வருத்தம் என்று எதையும் காட்டவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள்; மௌனமான அறைகள் எனக்குப் புதியவை அல்ல. படிப்பவர்களின் மௌனத்துக்கும் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களின் மௌனத்துக்கும் வித்தியாசம் தெரியும். அறுவடை முடிந்தது, நிலம் காலியாகக் கிடந்தது, இவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. மாசியில் கோயில் கொடைக்கு வந்திருந்த மகளும் அதைப் பார்த்தாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள் அவள்.

"எப்பா, என்கூட வாங்க. அங்கன ஒருத்தர் ஆளு அடிக்கிற வேகத்தப் பாத்து, ஆளுக்குத் தக்கன கம்பு அளவெடுத்துச் சொல்லுதாராம்."

"கம்புக்கு எதுக்குட்டி அளவு? நீளமா இருந்தா முறிச்சுக்கிட வேண்டியதான்" என்றார். இருந்தாலும் அன்று மாலையே சவரம் செய்துகொண்டார்.

கோல்ஃப் மட்டையைப் பற்றி அன்றுவரை நானும் அதிகம் அறிந்ததில்லை. அடியில் பந்தைத் தொடுகிற உலோகத் தலை, மேலே பிடி, இரண்டுக்கும் நடுவில் ஷாஃப்ட் எனப்படும் தண்டு. ஆடுகிறவர் தோளுக்கு எது எவ்வளவு அதிர்ச்சியைக் கொண்டுபோகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தண்டுதான் என்று கடைக்காரர் விளக்கினார். முப்பது வயது இருக்கும் அவருக்கு. என் கணவரிடம் இந்தியில் பேசினார். முதல் வார்த்தையிலேயே 'சுபேதார் சாப்' என்றார். வலை கட்டிய ஓர் அறையில் இவரை நிறுத்தி, ஒரே தலையில் வெவ்வேறு தண்டுகளை மாற்றி மாற்றித் திருகிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் தானே குனிந்து பந்தை எடுத்துவைத்தார். திரையில் ஓடிய எண்களை மகள் படித்துக்கொண்டிருந்தாள். நான் இவருடைய இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கு முன்பே அது சற்று மேலேறி இறுகும். வலிக்கப் போகிறது என்று அதற்குத் தெரியும்.

கடைசியில் ஒரு தண்டை மாட்டிக் கொடுத்தபோது ஓசையே வேறாக இருந்தது. தோள் இறுகாமல் முழுவதும் சுற்றி வந்தது. அடித்த பிறகு திரையைப் பார்க்காமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார் இவர். திருமணமாகி இத்தனை காலத்தில் அப்படியொரு முகத்தை நான் ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் ஒருமுறை.

அப்புறம் அளவுகளை ஒரு தாளில் குறித்துக் கொடுத்து விலை சொன்னார்கள். அளவுப்படி புதிதாகச் செய்து தருவதற்கான தொகை அது. மகள் வாயைத் திறக்கும் முன்பே, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்பதை இந்தியில் சொல்லிவிட்டு இவர் வெளியே நடந்தார்.

"அளவும் குடுத்துட்டு வாங்காம வந்துட்டோமே" என்றார் தெருவில்.

"அளவெடுக்கதுக்குத் தனியாக் கட்டணம் கட்டியாச்சுப்பா. அது அவங்க தொழிலு. அந்தத் தாள வச்சு நாம எங்க வேணும்னாலும் வாங்கிக்கிடலாம்."

"கட்டணம் கட்டுனா ஆச்சா? அந்தப் பய குனிஞ்சு குனிஞ்சு பந்து எடுத்து வச்சான். முதுகு வலிச்சிருக்கும் அவனுக்கு. இனி அவன் மூஞ்சியில முழிக்க முடியாது."

அந்தக் கடைக்கு மறுபடி போகவோ பேசவோ கூடாது என்பது அன்றோடு முடிவாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். புதிய மட்டைகள் நமக்கு எட்டாது. ஆனால் தோளைப் படுத்துவது தலைகள் அல்ல, தண்டுகள். தலைகள் நம்மிடமே இருக்கின்றன. பழைய இரும்புத் தண்டுகளைக் கழற்றிவிட்டு லேசான தண்டுகளை மட்டும் பொருத்தினால் போதாதா? மகள் விசாரித்துவிட்டு, போதும் என்றாள். விலை போகாமல் தங்கிப்போன தண்டுகளைக் கழிவு விலையில் விற்கும் ஒருவரைச் சென்னையில் கண்டுபிடித்தாள். மட்டை மொழி தெரிந்தவர் என்பதால் இவரே அவரிடம் பேசினார். பார்சலும் வந்தது.

பங்குனி வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து இவரே வேலையைச் செய்தார். தலையும் தண்டும் சேரும் கழுத்தை ஊதுவிளக்கால் சூடேற்றினால் உள்ளே இருக்கும் பசை இளகிப் பழைய தண்டு கழன்றுவிடும். புதியதைப் பசை தடவிச் செருகி ஒரு நாள் காயவிட வேண்டும். கருகிய நாற்றம் தெரு முழுக்க அடித்தது. பக்கத்து வீட்டில் குக்கரை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். மறுநாள் விடியும் முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தொலைக்காட்சியின் மேல் நான் துணி போட்டு மூடினேன்.

கிடைக்காரர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது அடுத்த வாரம். மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மதினி, ஒண்ணு சொன்னா அண்ணாச்சி என்னைய வைவாக. அவிய ரெண்டு மூணு நாளா அடிக்கவே இல்ல. பைய சாத்தி வச்சுட்டு நெழல்ல உக்காந்து என் ஆட்ட எண்ணுதாக. நான் எண்ணுனா ஒரு கணக்கு வருது, அவிய எண்ணுனா ஒரு கணக்கு வருது. எனக்கே இப்ப எத்தனை ஆடுன்னு சந்தேகமாயிட்டு."

அன்று இரவுச் சாப்பாட்டில் இவர் தண்ணீர்ச் செம்பை வலது கையை நீட்டி, இலைக்குக் குறுக்காக எடுத்தார். அது இடது பக்கத்தில் இருந்தது.

"தோளு வலிக்கா?" என்றேன்.

அவர் செம்பை வலது பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"பெங்களூர்ல அடிச்ச அதே தண்டுதான வாங்குனீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். தாளில் குறித்திருந்த மென்மையான வகை சென்னைக்காரரிடம் இல்லை. இருந்தவற்றில் கெட்டியானது நல்ல கழிவில் கிடைத்தது. கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும் என்று தோன்றியது. நீளமும் சொன்னதைவிட ஓர் அங்குலம் கூட்டியே வாங்கினார். எதையும் கொஞ்சம் தாராளமாக வாங்கித்தானே நமக்குப் பழக்கம்.

"வளருத பிள்ளைக்குச் சட்ட எடுத்த மாதிரியா?" என்றேன்.

"சிரிக்காத. கெட்டியா இருக்கது கெட்டதுன்னு எவன் நெனைப்பான்?"

"ஒழைக்க வேண்டியது கம்பா, தோளா?"

அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டில் வாங்கினாலும் வாளி வாங்கினாலும் விரலால் தட்டி, கெட்டிதானா என்று கேட்டே வாங்கிய வீடு இது. வளைந்து கொடுப்பதற்காகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது எங்களில் யாருக்கும் வாய்த்ததில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் வாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் காப்பிக்குப் பிறகு பெங்களூர்க் கடையின் எண்ணை எடுத்தேன்.

"வேண்டாம். அவனிட்ட என்ன முகத்த வச்சுட்டுப் பேசுததுக்கு?"

"நீங்க பேசாண்டாம். நான் பேசுதேன். எனக்கு அவரு பந்து எடுத்து வைக்கல."

கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: விலை எங்களுக்கு எட்டாததையும், வேறிடத்தில் வாங்கியதையும், கெட்டியாக வாங்கியதையும். அவர் கோபப்படவில்லை. அளவெடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் வேறிடத்தில்தான் வாங்குகிறார்கள், அதற்காகத்தான் அளவெடுக்கத் தனிக் கட்டணம் என்றார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, அன்று கடைசியாக சுபேதார் சாப் அடித்தது உண்மையில் பெண்களுக்கான தண்டு என்றார். அவருடைய தோளுக்கும் வேகத்துக்கும் அதுதான் பொருந்தியது. வயதான ஆண்களிடம் அப்படிச் சொன்னால் சிலர் மட்டையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் தாளில் எடையையும் எண்ணையும் மட்டும் எழுதினாராம். புதிது வாங்கத் தேவையே இல்லை. மட்டையைப் புதுப்பிக்க வருகிறவர்களிடமிருந்து கழற்றிய தண்டுகள் கடை மூலையில் கிடக்கின்றன. பெண்களுடையதைக் கேட்டு யாரும் வருவதில்லை. நீளம் பார்த்து ஒரு கட்டு அனுப்புவதாகச் சொன்னார். அவர் கேட்ட தொகை, கோவில்பட்டிக்கு இரண்டு பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சேலை ஒன்று எடுத்து வருகிற செலவுதான்.

பேச்சை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளையாளு கம்பா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமா."

"அன்னைக்கு நான் அடிச்சது அதுவா?"

"அதுதானாம்."

 இவர் எழுந்து நின்று, மேலதிகாரியிடம் பேசுவதுபோலக் கைபேசியை வாங்கி இந்தியில் நன்றி சொன்னார். முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அது புரிந்திருக்காது.

பணம் அனுப்பினாலும் இவருக்கு மனம் ஆறவில்லை. எங்கள் நிலத்துப் பாசிப்பயறை நானும் இவருமாகப் புடைத்து, ஒரு சாக்கில் கட்டிப் பெங்களூர் போகும் இரவுப் பேருந்தில் ஏற்றினோம். தண்டுகள் அதேபோல ஒரு பேருந்தில் வந்தன. பிளம்பர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி இரண்டு முனையிலும் ஒட்டியிருந்தார் கடைக்காரர். விடியற்காலையில் புறவழிச்சாலையில் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் அதை இறக்கிக் கொடுத்தார்.

"போர் போடுதீங்களா அண்ணாச்சி? ரொம்ப ஒல்லியால்லா இருக்கு."

"போர் இல்ல தம்பி. உள்ள கம்பு இருக்கு."

"பைப்புக்குள்ள கம்பா? சிலம்பமோ?"

"அந்த வகைதான்" என்றார் இவர், முகத்தில் அசைவில்லாமல்.

தண்டுகள் கறுப்பு, ஒவ்வொன்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டையும், அதில் பெண்களுக்கானது என்பதைக் காட்டும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. மறுபடியும் ஊதுவிளக்கு, மறுபடியும் நாற்றம். கழற்றிய கெட்டித் தண்டுகள் சூட்டில் பாழாகிவிட்டன. அவற்றில் இரண்டு இப்போது எங்கள் தக்காளிச் செடிகளுக்கு முட்டாக நிற்கின்றன, இவர் எதிர்பார்த்தபடியே நன்றாக உழைக்கின்றன. கத்தரிப்பூப் பட்டையின் மேல் இவர் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினார். 

முதல் நாள் நானும் கூடப் போனேன். வைகாசிக் காற்று தொடங்கியிருந்தது. இவர் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கி, வெடிப்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பந்தை வைத்தார். நான் தோளைப் பார்த்தேன். அது மேலேறவில்லை. பந்து ஆடுகளின் தலைக்கு மேலே போய் எதிர்க்கரைப் பக்கம் விழுந்தது. ஓர் ஆடு மட்டும் தலை தூக்கிப் பார்த்தது.

"ஏலே, ஒனக்கு இல்ல, நீ மேயி" என்று அதை அதட்டிவிட்டுக் கிடைக்காரர் கிட்டே வந்து மட்டையை வாங்கிப் பார்த்தார். வெயிலில் டேப்பின் ஓரம் அதற்குள் உரிந்திருந்தது. அதை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தார்.

"இது என்னது அண்ணாச்சி, மதினி சேல நெறத்துல இருக்கு?"

"பொம்பளையாளு கம்பு. அதுதான் என் தோளுக்குச் சேருது." இவர் மறைக்கவில்லை.

கிடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். மட்டையை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சேந்தாச் சரி. அப்ப மதினியும் ஒண்ணு அடிக்கட்டும்."

மறுக்க முடியாத நிலை. இவர் எனக்குப் பின்னால் நின்று, தொடாமல், கையை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே தரையைக் கொத்தினேன். கரிசல் கட்டி ஒன்று பெயர்ந்து புடவையில் விழுந்தது.

"அண்ணாச்சி, தண்ணி வருதான்னு பாருங்க. மதினி கெணறு வெட்டுதாக."

அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் இடது கையால் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். டேப்பை மறுபடி சுற்றவில்லை.

அந்தக் கோடை முழுக்க ஆடினார். ஆவணியில் மருத்துவர் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதை வைத்து ஆடுகிறீர்களோ அதையே வைத்து ஆடுங்கள் என்றார். இவர் எதுவென்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

புரட்டாசியில் நிலத்தை உழுதுவிட்டோம். கிடைக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு புதூர்ப் பக்கம் போய்விட்டார். இனி அடுத்த அறுவடை முடிந்துதான் வருவார். மகள் பெங்களூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். கண்மாயில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. அதுவரை காலையில் இவர் அதற்குள் நின்று அடிக்கிறார். பந்து விழுந்த இடத்தைக் கரையில் நின்று நான் பார்த்துச் சொல்கிறேன். இப்போதைக்கு அங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.